உங்களுக்குத் தெரியுமா? ஊர் கூடிப் படித்தால்…

அவிநாசி சித்திரைத் தேர் தனி ஆள் இழுத்து நகராது. உரிமையும் அப்படித்தான். ஒரு வீட்டுக்கு மட்டும் தெரிந்த சட்டத்தால் பெரிய பலன் கிடையாது; தெருவுக்கே தெரிந்தால்தான் அது செல்லுபடியாகிறது. செனகல் கிராமம் முதல் நம் பனியன் கம்பெனி வரை, ஊர் கூடிக் கற்றுக்கொண்டதால் நடந்த மாற்றங்கள் சில இங்கே.

◆ 1997 ஜூலை 31

மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகலில் மாலிகுண்டா பம்பாரா என்று ஒரு கிராமம். 1991-இல் தொடங்கப்பட்ட 'டோஸ்டான்' அமைப்பு அங்கே பெண்களுக்கு உள்ளூர் மொழியில் வகுப்பு நடத்தியது. எழுத்து, கணக்கு ஆகியவற்றோடு உடல்நலமும் மனித உரிமையும் பாடம். சிறுமிகளின் பிறப்புறுப்பைச் சிதைக்கும் சடங்கு அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக இருந்துவந்தது. அதை விடச் சொல்லி யாரும் கட்டளை போடவில்லை. தொற்று, பிரசவச் சிக்கல், தன் உடல் மீதான உரிமை என்று பாடம் நகர நகர, வெளியில் பேசக் கூசிய விஷயத்தைப் பெண்களே பேசத் தொடங்கினார்கள். 1997 ஜூலை 31 அன்று, பத்திரிகையாளர்கள் முன்னிலையில், இனி எங்கள் ஊரில் இந்தச் சடங்கு கிடையாது என்று அறிவித்தார்கள்.

◆ நடந்தே போன இமாம்

அந்த அறிவிப்புக்கு அக்கம்பக்கத்து ஊர்களில் எதிர்ப்பு கிளம்பியது. அப்போது கெர் சிம்பாரா ஊரின் இமாம் தெம்பா ஜவாரா ஒரு நடைமுறைச் சிக்கலை எடுத்துச் சொன்னார். பெண் எடுப்பதும் கொடுப்பதும் பல ஊர்களுக்குள் நடக்கிறது. ஒரே ஒரு ஊர் மட்டும் சடங்கை விட்டால் அந்த ஊர்ப் பெண்களுக்கு மாப்பிள்ளை கிடைக்காமல் போகும். ஆகவே சம்பந்தம் உள்ள ஊர்கள் எல்லாம் சேர்ந்துதான் விடவேண்டும். சொன்னதோடு நிற்காமல், ஊர் ஊராக நடந்தே போய்ப் பேசினார். 1998-இல் 13 கிராமங்கள் ஒன்றாகக் கூடி அறிவித்தன. அந்தச் சடங்கைத் தடை செய்யும் சட்டம் செனகலில் வந்தது 1999-இல். மக்களின் முடிவு முந்திக்கொண்டது, சட்டம் பின்னால் வந்தது.

◆ இரண்டு வாக்குறுதிகள்

சீனாவில் சிறுமிகளின் பாதங்களைத் துணியால் இறுக்கிக் கட்டிச் சிறிதாக்கும் வழக்கம் பல நூற்றாண்டுகள் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே பெற்றோர் சங்கங்கள் உருவாயின. சேர்பவர்கள் இரண்டு உறுதிமொழி எடுக்கவேண்டும்: என் மகளுக்குப் பாதம் கட்டமாட்டேன், பாதம் கட்டிய பெண்ணை என் மகனுக்கு எடுக்கமாட்டேன். இரண்டாவது உறுதிமொழிதான் முதலாவதைக் காப்பாற்றியது. இதை ஆராய்ந்த ஜெர்ரி மேக்கி என்ற அறிஞர், ஆப்பிரிக்கச் சடங்கும் இதே வழியில்தான் முடியும் என்று 1996-இல் எழுதினார். மறு ஆண்டே செனகலில் அது தொடங்கிவிட்டது. நம் நாட்டில் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961-இல். 'கொடுக்கவும் மாட்டோம், வாங்கவும் மாட்டோம்' என்று ஒரு சொந்தபந்தமே சேர்ந்து உறுதி எடுத்தது எத்தனை ஊரில்?

◆ 13 நாள் கழித்து

ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தைச் சேர்ந்த பன்வாரி தேவி, அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் ஊர் மட்டத்தில் வேலை பார்த்த களப்பணியாளர். 1992-இல் ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனார். அதற்குப் பழிவாங்கவே அவரைக் கூட்டு வன்கொடுமைக்கு ஆளாக்கினார்கள். கீழ் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. இதற்கிடையே, அவருடைய நிலையைக் கண்டு பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போயிருந்தன. வேலையிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்க உச்ச நீதிமன்றம் 'விசாகா' நெறிமுறைகளை வகுத்த நாள் 1997 ஆகஸ்ட் 13. மாலிகுண்டா பம்பாரா அறிவிப்புக்குச் சரியாக 13 நாள் கழித்து. இன்று ஏ.சி. அலுவலகத்தில் இருப்பவர் வரை எல்லாப் பெண்களுக்கும் கிடைத்திருக்கும் பாதுகாப்புக்கு வேர், கிராமத்தில் வேலை பார்த்த ஒரு பெண்.

◆ நாலு பவர் டேபிள், இரண்டு ஓவர்லாக்

அந்த நெறிமுறைகள் 2013-இல் சட்டமாயின. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு கட்டாயம். சரி, நாலு பவர் டேபிளும் இரண்டு ஓவர்லாக்கும் போட்டு ஏழெட்டுப் பேர் வேலை பார்க்கும் ஜாப் ஒர்க் யூனிட்டில்? அங்கே வேலை பார்க்கும் டெய்லர், கைமடி, பிசிறு வெட்டுபவர் எல்லோருக்கும் மாவட்ட அளவில் 'உள்ளூர்க் குழு' ஒன்று இருக்கிறது. முதலாளி மீதே புகார் என்றாலும் அங்கேதான் போகவேண்டும். வீட்டு வேலை செய்பவர்களும் போகலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகாரை எழுத்தில் தரவேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாத அவகாசம் தரலாம். எழுத முடியாதவருக்கு எழுத உதவவேண்டிய கடமையும் குழுவுக்கு உண்டு.

◆ பெயர் மங்களகரம்

திருப்பூர், கோவை, ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகள் பலவற்றில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று நடந்தது. தென் மாவட்டங்களின் ஏழை வீட்டுப் பெண்பிள்ளைகளை மூன்று ஆண்டுக்கு மில் விடுதியில் தங்கவைத்து வேலை வாங்குவார்கள். முடிவில் 30,000, 50,000 என்று ஒரு தொகை; கல்யாணச் செலவுக்கு ஆகும் என்பது ஏஜென்ட் சொல்லும் வாக்கு. இடையில் உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பினால் பலருக்கு அந்தத் தொகை கைக்கு வரவில்லை. உண்மையில் அது பரிசு அல்ல, பிடித்து வைக்கப்பட்ட கூலி. பெயர் கெட்டதும் 'திருமகள் திருமணத் திட்டம்', 'மாங்கல்யத் திட்டம்' என்று வேறு பெயர்கள் வந்தன. 2011-இல் ஐரோப்பிய அமைப்புகளின் ஆய்வறிக்கை வெளியான பிறகு, வெளிநாட்டு பிராண்டுகளிடம் கேள்வி எழுந்தது.

◆ ஏஜென்ட் வரும் முன்

சுமங்கலி விஷயத்தில் மில் வாசலில் மட்டும் பேசிப் பயனில்லை என்பது தொண்டு நிறுவனங்களுக்குச் சீக்கிரமே புரிந்தது. பிள்ளை மில்லுக்குக் கிளம்புவது ஊரில். முடிவு எடுப்பது அம்மாவும் அப்பாவும். திருப்பூரில் 1993 முதல் இயங்கும் 'சேவ்', சத்தியமங்கலம் பகுதியில் இயங்கும் 'ரீட்' போன்ற அமைப்புகள் தொழிலாளர் உரிமையை வகுப்பாகவும் குழுக் கூட்டமாகவும் கொண்டுபோயின. மில்லில் இருந்து திரும்பிய பெண்களே தம் அனுபவத்தைச் சொன்னால், ஏஜென்ட்டின் வண்ண நோட்டீஸ் எடுபடாது.

◆ தாலியில் இருந்து கல்லூரிக்கு

ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு உதவத் தமிழக அரசு 1989-இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திட்டம் தொடங்கியது. தொடக்கத்தில் 5,000 ரூபாய். எட்டாம் வகுப்பாவது படித்திருக்கவேண்டும் என்பது நிபந்தனை. பிறகு தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. 2022 செப்டம்பர் 5 முதல் அதே திட்டம் 'புதுமைப் பெண்' ஆக மாறியது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் கல்லூரிக்குப் போனால் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். கல்யாணச் செலவு என்ற பயம்தான் பிள்ளைகளை மில் விடுதிக்கு அனுப்பியது. அரசுப் பணம் அந்தப் பயத்தை விட்டுப் படிப்பின் பக்கம் நகர்ந்திருப்பது சின்ன விஷயம் அல்ல.

◆ யார் அந்த அம்மையார்?

பெண்களைத் தேவதாசிகளாகக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து வெளியில் இருந்து குரல் கொடுத்தவர்கள் பலர். மூவலூர் இராமாமிர்தம் தேவதாசிச் சமூகத்துக்குள் இருந்தே எழுந்தவர். இசை வேளாளர் மாநாடுகளில் தம் இனத்தாரிடமே போய், இனி பெண்களுக்குப் பொட்டுக்கட்டாதீர்கள் என்று வாதாடினார். சட்டமன்றத்தில் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய முயற்சி, 1947-இல் சென்னை மாகாணத் தேவதாசி ஒழிப்புச் சட்டமாக முடிந்தது. உள்ளே ஒருவர், சபையில் ஒருவர்: செனகலுக்கு ஐம்பது ஆண்டு முந்தைய நம் ஊர் உதாரணம்.

◆ திண்டுக்கல் ஒப்பந்தம்

2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதி ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த தலித் பெண் கொல்லப்பட்டார். தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் (டி.டி.சி.யூ.) என்ற, பெண்களே தலைமை தாங்கும் தொழிற்சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடும், எச் அண்ட் எம் பிராண்டோடும், வேலையிடத்தில் பெண்கள் மீதான வன்முறையையும் தொல்லையையும் தடுக்க ஒப்பந்தம் ஆனது; கேப், பி.வி.எச். பிராண்டுகளும் சேர்ந்தன. பாலினம் மட்டுமல்ல, சாதி, இடம்பெயர்வு காரணமான பாகுபாடும் அதில் குற்றம். பிராண்டுகளையும் சட்டப்படி கட்டுப்படுத்தும் இத்தகைய ஒப்பந்தம் ஆசியாவில் அதுவே முதல். முக்கியமான அம்சம் என்ன தெரியுமா? உடன் வேலை பார்ப்பவர்களில் இருந்தே பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர்கள். பிரச்சினை வந்தால் பக்கத்து மெஷினிலேயே சட்டம் தெரிந்த ஒருவர் இருப்பார்.

◆ 127 நாள்

திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் 1984-இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். இன்று 'பஞ்சப்படி' என்றால் கைமடிக்குக் கூட அர்த்தம் தெரியும். அதன் பின்னால் இருப்பது அந்த 127 நாள் பாடம்.

◆ சைக்கிள் ஒரு பாடம்

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதோடு, பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு ஆனது. முத்து பாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு ஊரெல்லாம் ஒலித்தது. கிண்டல் செய்தவர்களுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் ஒருத்தி ஓட்டினால்தானே கிண்டல்? ஒரே தெருவில் இருபது பேர் ஓட்டினால் யாரைப் பார்த்துச் சிரிப்பது?

◆ எழுத்து கற்றவர் கைக்கு வந்த குவாரி

அதே புதுக்கோட்டையில், கல் உடைக்கும் கூலிகளாக இருந்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்தார்கள். காண்ட்ராக்டர் எவ்வளவு எழுதிக்கொள்கிறார், நமக்கு எவ்வளவு தருகிறார் என்று கணக்குப் போடத் தெரிந்தது அறிவொளி வகுப்பில்தான். எழுத்தறிவு என்பது கையெழுத்துப் போடுவதோடு முடிவதில்லை. எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று படித்துப் பார்ப்பது.

◆ அறிவித்தவர் யார்?

1991 ஏப்ரல் 18 அன்று, கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று கோழிக்கோட்டில் அறிவித்தார்கள். அறிவித்தவர் முதலமைச்சரோ கவர்னரோ அல்ல. அந்த இயக்கத்தில் புதிதாக எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட மலப்புரத்துப் பெண், செலக்காடன் ஆயிஷா.

◆ பள்ளிக்குச் சீர்வரிசை

காமராஜர் ஆட்சியில், கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று 'பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள்' நடத்தினார். முதல் மாநாடு 1958-இல் கடம்பத்தூரில். ஊர்க்காரர்கள் நிலம் கொடுத்தார்கள், பெஞ்ச், பீரோ, கரும்பலகை வாங்கித் தந்தார்கள், கட்டடம் கட்டினார்கள். 1956-இல் தொடங்கிய மதிய உணவுக்கும் ஊர்ப் பங்கு உண்டு. ஏறக்குறைய அதே காலத்தில் கென்யாவிலும் இது நடந்தது. 1963-இல் விடுதலை பெற்றதும் மக்கள் தாங்களே காசும் உழைப்பும் போட்டு உயர்நிலைப் பள்ளிகளை எழுப்பினார்கள். 'ஹராம்பே பள்ளிகள்' என்று அவற்றுக்குப் பெயர். இன்றைக்கும் நம் பக்கத்து அரசுப் பள்ளிகளுக்குத் தாம்பாளத் தட்டோடு மேளதாளத்தில் 'கல்விச் சீர்' கொண்டுபோகும் ஊர்கள் உண்டு.

◆ தாமே கட்டிய பள்ளிகள்

படிக்க இடமில்லை என்று கதவடைக்கப்பட்டவர்கள் தாமே பள்ளி தொடங்கியதும் நம் வரலாறு. சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக நந்தனார் பள்ளியை நிறுவினார். அருந்ததியர் தலைவர் எல்.சி. குருசாமி சென்னையில் பகலில் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்காக இரவுப் பள்ளிகள் நடத்தினார். கொங்கு நாட்டில் அருந்ததியர் பெருந்தொகை. ஆனால் இவர் பெயர் தெரிந்தவர் இங்கே எத்தனை பேர்? அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது 2009-இல்.

◆ நம்மூர்ச் சாமி பெயர் கொண்டவர்

தி.சு. அவிநாசிலிங்கம் பிறந்தது 1903-இல், திருப்பூரில். 1930-இல் கோவையில் இராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கினார். 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சர். உயர்நிலைப் பள்ளிகளில் தமிழ் வழிப் பாடம், தமிழில் கலைக்களஞ்சியம் இரண்டிலும் அவர் பங்கு பெரிது. பெண்களுக்காக அவர் 1957-இல் தொடங்கிய கல்லூரிதான் இன்றைய அவிநாசிலிங்கம் பல்கலைக்கழகம்.

◆ வாசலுக்கு வந்த வகுப்பு

கொரோனாவால் பள்ளி மூடிக் கிடந்தபோது விட்டுப்போன பாடத்தை ஈடுகட்ட 2021 அக்டோபர் 27 அன்று, மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அதே தெருப் பெண்கள். திண்ணையும் கோயில் மண்டபமும் வகுப்பறை ஆயின. படித்துவிட்டு வீட்டோடு இருந்த பல பெண்கள் தெருவில் 'டீச்சர்' ஆனது இதில்தான்.

◆ பாட்டிமார் போட்ட லைட்

ஆப்பிரிக்காவில் இருந்து நாம் கற்பது ஒருபுறம். அவர்கள் இங்கே வந்து கற்பதும் உண்டு. 1972-இல் ராஜஸ்தானின் திலோனியாவில் தொடங்கிய 'பேர்ஃபுட் காலேஜ்', ஆப்பிரிக்கக் கிராமங்களின் பாட்டிமார்களைக் கூட்டிவந்து ஆறு மாதத்தில் சோலார் விளக்கு அமைக்கவும் பழுது பார்க்கவும் பயிற்சி தந்தது. பொதுவான மொழி கிடையாது. சைகையும் வண்ணக் குறியீடும்தான். ஏன் பாட்டிமார்? இளைஞர்களுக்குச் சான்றிதழ் கொடுத்தால் நகரத்துக்கு வேலை தேடிப் போய்விடுவார்கள். பாட்டி ஊர் திரும்புவார் என்பது நிறுவனர் பங்கர் ராயின் கணக்கு.

◆ மனிதர் எல்லோரும்

1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. ஏற்ற மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவு, முதல் வரைவில் ஆண்களை மட்டும் குறிக்கும்படி இருந்தது. இப்படி எழுதினால் பல நாடுகளில் பெண்களை விட்டுவிடுவார்கள் என்று வாதாடி, 'மனிதர் எல்லோரும்' என்று மாற்றவைத்தவர் இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தா.

◆ பத்து ரூபாய்

ராஜஸ்தானில் 1990-இல் உருவான மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அமைப்பு, 1994-இல் இருந்து ஊர் நடுவே மக்கள் விசாரணை நடத்தியது. அரசு வேலையின் கூலிப் பட்டியலை உரக்கப் படித்தார்கள். வேலைக்கே வராதவர் பெயரிலும் செத்துப்போனவர் பெயரிலும் கூலி போயிருந்தது அம்பலமானது. அங்கே பிறந்த கோரிக்கைதான் 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஆனால் மாநில அளவில் முதலில் இப்படியொரு சட்டம் கொண்டுவந்தது தமிழ்நாடு, 1997-இல். இன்று மத்தியச் சட்டப்படி கட்டணம் 10 ரூபாய், பதில் 30 நாளில். தமிழிலேயே கேட்கலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணமும் இல்லை.

◆ ஹெட்மாஸ்டர் மட்டும் அல்ல

கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு என்ன தேவை என்ற திட்டத்தைத் தயாரிப்பதும், வந்த பணம் எப்படிச் செலவானது என்று பார்ப்பதும் அவர்கள் வேலை. பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடித்து வரும் அம்மாவுக்குக் கூட்டத்துக்குப் போக நேரம் ஏது என்பது நியாயமான கேள்வி. கூட்டத்தை அவர் வரக்கூடிய நேரத்தில் வைக்கச் சொல்லிக் கேட்பதும் அவர் உரிமைதான்.

◆ வக்கீல் பீஸ் இல்லை

பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டம் இது. வட்ட அளவிலேயே சட்டப் பணிகள் குழு இருக்கிறது. போன் எண் 15100. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181.

◆ குளம் கேட்ட ஊர்

அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் அறுபது ஆண்டைத் தாண்டிய கோரிக்கை. 2016-இல் அவிநாசியில் உண்ணாவிரதம் இருந்ததை நம் ஊர் மறந்திருக்காது. பவானியில் காலிங்கராயன் அணைக்கட்டின் உபரி நீர் 1.5 டி.எம்.சி.யை நீரேற்றி மூன்று மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுவரும் திட்டம், 1,916 கோடி ரூபாய் செலவில் 2024 ஆகஸ்ட் 17 அன்று திறக்கப்பட்டது. திறந்த பிறகும், எங்கள் குட்டைக்கு ஏன் இன்னும் தண்ணீர் வரவில்லை என்று கேட்பது அதே ஊர்க்காரர்கள்தான்.

◆ ஆண்டுக்கு ஆறு நாள்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சேவூர், கருவலூர், தெக்கலூர் போன்ற ஊராட்சிகளில் கிராம சபை கூடும் நாட்கள் இவை. ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்கள் உறுப்பினர், அழைப்பிதழ் தேவையில்லை. வரவு செலவைக் கேட்கலாம், தீர்மானம் கொண்டுவரச் சொல்லலாம். தனியாகப் போய்க் கேட்டால், பார்க்கலாம் என்பார்கள். தெருவில் பத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். தீர்மானப் புத்தகத்தில் அது ஏறும்வரை எழுந்து வராதீர்கள்.